ஏற்காடு ஏறும்போது மிட்ஜெட் மூச்சு முட்டுது, ட்வின் எஸ்யூ கார்ப்ப மாத்திடலாமா?

கோரிமேடு_கராஜ்:
எல்லாருக்கும் வணக்கம்ங்க. வண்டி எம்ஜி மிட்ஜெட் (பழைய பிரிட்டிஷ் ரெண்டு சீட் ஸ்போர்ட்ஸ் கார்), 71 மாடல், 1275 சிசி, ட்வின் எஸ்யூ எச்எஸ்2 (பெட்ரோலையும் காத்தையும் கலக்கற எஸ்யூ கார்புரேட்டர் ரெண்டு). சித்தப்பா ஷெட்ல ரொம்ப வருஷமா தார்ப்பாய் போட்டு கிடந்தது, இப்ப என் கைக்கு வந்திருக்கு. டவுனுக்குள்ள அஸ்தம்பட்டி, அஞ்சு ரோடு, ஜங்ஷன்னு எங்க போனாலும் ஓடுது, ஸ்லோ மட்டும் கொஞ்சம் தடதடன்னு நிக்கும் அவ்ளோதான். ஆனா மலை ஏறுனா கதையே வேற. அடிவாரம் தாண்டி முதல் நாலஞ்சு ஹேர்பின் ஓகே, பாதி மலைக்கு மேல செகண்ட் கியர்ல மிதிச்சா மிஸ் அடிக்குது, பிக்கப்பே இல்ல, பின்னாடி வர்ற டூவீலர்காரன் மூக்க பொத்திக்கிட்டு ஓவர்டேக் பண்றான் அந்தளவுக்கு கரும்புகை. ஏரி பக்கம் நிறுத்தி ஒரு டீ குடிச்சிட்டு வந்து செல்ஃப் அடிச்சா பிடிக்கவே மாட்டேங்குது. கீழ இறங்கிட்டா மறுபடி ஒழுங்கு. ஒரு மெக்கானிக் இந்த கார்ப்ப தூக்கி போட்டுட்டு சிங்கிள் வெபர் (வேற கம்பெனி கார்ப்) போடுங்கறார், இன்னொருத்தர் மலைக்குன்னு தனியா லீன் நீடில் (பெட்ரோல கம்மியா விடற கார்ப் ஊசி) வாங்க சொல்றார். பாயிண்ட், கண்டென்சர், ப்ளக் எல்லாம் புதுசு. பெட்ரோல் பம்ப் பின்னாடி இருக்கற எலக்ட்ரிக் பம்ப். என்ன பண்ணலாம் சொல்லுங்க.

ஒண்டிக்கடை_ரைடர்:
ப்ரோ எதுக்கு ரெண்டு கார்ப்போட மல்லுக்கட்டறீங்க, மாருதி 800 பழைய கார்ப் ஒண்ணு எடுத்து அடாப்டர் ப்ளேட் லேத்ல அடிச்சு மாட்டுங்க, செவ்வாய்பேட்டை பக்கம் எந்த பட்டறையிலயும் பண்ணி தருவாங்க, செலவும் கம்மி, டென்ஷனும் இல்ல.

சேர்வராயன்_பழசு:
மாருதி கார்ப் 796 சிசிக்கு பண்ணது தம்பி. அத 1275-க்கு மாட்டுனா ஸ்லோ நல்லா நிக்கும், அடிவாரம் வரைக்கும் சந்தோஷமா வருவீங்க, அப்புறம் மேல்மூச்சு வாங்கும். அந்த பேச்ச விடுங்க.

கோரிமேடு தம்பிக்கு: எதையும் கழட்டறதுக்கு முன்னாடி ரிச்சா (பெட்ரோல் அதிகமா) லீனான்னு (பெட்ரோல் கம்மியான்னு) கீழயே, சேலத்துலயே வச்சு பாருங்க. இன்ஜின் நல்லா சூடாகட்டும். கார்ப் பாடிக்கு அடியில ஒரு சின்ன பின் இருக்கும், அத விரலால மெதுவா மேல தள்ளுனா கார்ப்புக்குள்ள இருக்கற பிஸ்டன் தூக்கும். ஒரு மில்லிமீட்டர் கூட வேண்டாம், அதுக்கும் கம்மியா தூக்குங்க. இன்ஜின் வேகம் ஏறி அப்படியே நின்னா ரிச், திணறி நிக்கப் பார்த்தா லீன், லேசா ஏறி உடனே பழையபடி வந்தா சரி. ரெண்டு கார்ப்பையும் தனித்தனியா பாக்கணும். நம்ம ஊர்ல பாதிப்பேர் இத பண்ணாமலே கார்ப்புக்கு அடியில இருக்கற மிக்சர் நட்ட திருகிட்டே இருப்பாங்க, எந்தப் பக்கம் திருகுனா என்ன ஆகும்னு அவங்களுக்கே தெரியாது. நட்டு மேல போனா லீன், கீழ இறங்குனா ரிச்.

இன்னொண்ணு, டேஷ்பாட்ல (கார்ப் பிஸ்டனோட அசைவ மெதுவாக்கற மேல்பக்க ஆயில் குழி) ஆயில் இருக்கா பாருங்க. 20W50 இன்ஜின் ஆயிலே போதும், உள்ள தெரியற குழாய் வாய்க்கு மேல அரை அங்குலம் நிக்கணும். ஆயில் இல்லாட்டி ஆக்சிலேட்டர் மிதிச்ச உடனே லீன் ஆகி இடறும். உங்களுக்கு புகை வர்றதால மெயின் கோளாறு அது இல்ல, ஆனா நிறைய வண்டியில அது காய்ஞ்சுதான் கிடக்கும்.

மில்லிபார்:
பெரியவர் சொன்னதோட கொஞ்சம் கணக்கும் பாத்துடலாம், ஏன்னா இங்கதான் விஷயமே இருக்கு. சேலம் ஏறக்குறைய 280 மீட்டர் உயரம், ஏற்காடு 1500 மீட்டர். மேல போனா காத்தோட அடர்த்தி சுமார் 11 சதவீதம் குறையும், அந்தளவுக்கு பவரும் போயிடும், அதுக்கு எந்த கார்ப் போட்டாலும் ஒண்ணும் பண்ண முடியாது. ஆனா மிக்சர் 11 சதவீதம் ரிச் ஆகாது, அடர்த்தியோட வர்க்கமூலக் கணக்குலதான் போகும், அதாவது சுமார் 6 சதவீதம். வெபர் போட்டாலும் இதே 6 சதவீதம்தான், அதனால அந்த செலவு தண்டம்.

இப்ப இன்னொரு பக்கம். நம்ம பங்க்ல வர்றது இ20 (20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல்). சுத்த பெட்ரோல் எரிய 1 கிலோவுக்கு 14.7 கிலோ காத்து வேணும், இ20-க்கு ஏறக்குறைய 13.5 போதும். அப்ப பழைய செட்டிங்ல இருக்கற கார்ப்புக்கு இ20 ஊத்துனா தானாவே 8 சதவீதம் கிட்ட லீன் ஆயிடும். 6 ரிச், 8 லீன், ரெண்டும் கழிஞ்சு போகும். நியாயப்படி உங்க வண்டி கீழ கொஞ்சம் லீனா ஓடி, மேல போனதும் இன்னும் நல்லா ஓடணும்! மேல கரும்புகை விடுதுன்னா கீழயே கன்னாபின்னான்னு ரிச், டவுன் ஓட்டத்துல உங்களுக்கு தெரியல, மலை வெளிச்சம் போட்டு காட்டுது. ஸ்லோ தடதடக்குதுன்னு நீங்களே சொல்லிட்டீங்களே. நீடில் வாங்காதீங்க, எங்கயோ பெட்ரோல் அதிகமா போகுது, அத தேடுங்க.

கோரிமேடு_கராஜ்:
பின் தூக்கி பாத்தேன்ங்க. பின்னாடி கார்ப் சரியா இருக்கு, முன் கார்ப் தூக்குனா வேகம் ஏறி ஏறிட்டே நிக்குது. ப்ளக்கும் அதே மாதிரி, முன்னாடி ரெண்டும் கரி, பின்னாடி ரெண்டும் பரவால்ல. நட்ட எவ்வளவு மேல ஏத்தியும் வித்தியாசமே இல்ல, அதுதான் புரியல.

சேர்வராயன்_பழசு:
வித்தியாசம் இல்லன்னா ஜெட் (நீடில் உள்ள இறங்கற, பெட்ரோல் வர்ற சின்ன குழாய்) நட்டோட ஒட்டி நிக்கலன்னு அர்த்தம். எச்எஸ் கார்ப்ல சோக் இழுத்தா ஜெட்டே கீழ இறங்கும், விட்டா மேல வந்து நட்டுல உக்காரணும். சோக்க முழுசா உள்ள தள்ளிட்டு, முன் கார்ப் ஜெட்டோட அடிப்பக்கத்த விரலால மேல அமுக்குங்க. அசையக் கூடாது. அசைஞ்சா பிரச்சினை அங்கதான்.

கோரிமேடு_கராஜ்:
அண்ணா டக்குன்னு மேல போச்சு! ஒரு ரெண்டு மில்லிமீட்டர் இருக்கும். விட்டா மறுபடி கீழ வந்துடுது. ஃப்ளோட் சேம்பர்ல (கார்ப்போட பெட்ரோல் நிக்கற கிண்ணம்) இருந்து ஜெட்டுக்கு வர்ற நைலான் டியூப் வெறகு மாதிரி வெறைச்சு போயிருக்கு, அதுதான் ஜெட்ட கீழ பிடிச்சு இழுக்குது போல. கையால அமுக்கிட்டு கம்பி கட்டி குப்பனூர் வழியா ஒரு தடவ மேல போயிட்டு வந்தேன், புகை சுத்தமா இல்ல. ஆனா மேல நிறுத்திட்டு எடுத்தா இன்னும் அடம் பிடிக்குது.

மில்லிபார்:
அது தனி பிரச்சினை. அந்த இன்ஜின்ல இன்டேக்கும் (மிக்சர் உள்ள போற வழி) எக்ஸாஸ்டும் (புகை வெளிய போற வழி) ஒரே பக்கம், கார்ப் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு (சூடான புகைக் குழாய்) தலைமேலயே உக்காந்திருக்கு. ஓடும்போது காத்து அடிக்கும், நிறுத்துனதும் சூடு முழுக்க ஃப்ளோட் சேம்பருக்கு ஏறும், உயரத்துல பெட்ரோல் இன்னும் சீக்கிரம் கொதிக்கும், பொங்கி இன்டேக் மேனிஃபோல்டுக்குள்ள வழியும். கோடை விழா கூட்டத்துல ஊர்ந்து போயி நிறுத்துனா கேக்கவே வேண்டாம். நிறுத்துனதும் பானெட்ட திறந்து வைங்க. எடுக்கும்போது சோக் தொடாம ஆக்சிலேட்டர முழுசா அமுக்கி வச்சு செல்ஃப் அடிங்க, பம்ப் பண்ணாதீங்க. கார்ப்புக்கு கீழ ஹீட் ஷீல்டு இருக்கா, கார்ப்புக்கும் மேனிஃபோல்டுக்கும் நடுவுல இன்சுலேட்டர் ப்ளாக் இருக்கா பாருங்க, யாராவது கழட்டி எறிஞ்சிருப்பாங்க.

சேர்வராயன்_பழசு:
கம்பி கட்டி ஓட்டறது வேண்டாம் தம்பி, டியூப் வெடிச்சா கீழ சூடு மேனிஃபோல்டு, பெட்ரோல் அது மேல சொட்டும். டியூபோட சேத்து ஜெட்டா வரும், முன் கார்ப்புக்கும் பின் கார்ப்புக்கும் வேற வேற, கேட்டு வாங்குங்க, இ20 தாங்கற மெட்டீரியலான்னும் கேளுங்க. ரெண்டையும் சேத்தே மாத்துங்க, பின்னாடி உள்ளதும் அதே வயசு. ஃப்ளோட் ஊசியும் புதுசு போடுங்க, ஃப்ளோட் சேம்பர் மூடிய கவுத்து வச்சு ஃப்ளோட் லிவருக்கும் விளிம்புக்கும் நடுவுல 1/8 அங்குல ட்ரில் பிட் நுழையற அளவு இருந்தா லெவல் சரி. ஜெட் மாட்டுன பிறகு பிஸ்டன தூக்கி விட்டா டக்குன்னு சத்தத்தோட உக்காரணும், உக்காரலன்னா ஜெட் சென்டர்ல இல்ல, நீடில் உரசுது. அத சரி பண்ணிட்டு நட்ட முழுசா மேல ஏத்தி, அங்க இருந்து 12 ஃப்ளாட் (நட்டோட ஒரு பக்கம் ஒரு ஃப்ளாட், மொத்தம் ரெண்டு சுத்து) கீழ இறக்கி ஸ்டார்ட் பண்ணுங்க. மீதி ட்யூனிங் பின் தூக்கி பாத்துக்கலாம்.

ஒண்டிக்கடை_ரைடர்:
அப்ப மாருதி கார்ப் வேண்டாமா 😄