கேப்டன் லைசென்ஸ்: ஓயுபிவியா, மாஸ்டரா? அவசரம்

கால்வெஸ்டன்காரன்:
அமெரிக்காவின் டெக்சாஸ் கடற்கரையில் இருக்கிறேன், சொந்தமாகப் படகு இருக்கிறது. வார இறுதியில் ஆட்களை மீன்பிடிக்கக் கூட்டிப்போய்க் காசு வாங்கலாம் என்று யோசனை. அதற்கு லைசென்ஸ் வேண்டுமாம்: சின்னப் படகுக்கான ஓயுபிவி அல்லது அதைவிடப் பெரிய மாஸ்டர். மாஸ்டர் எடு என்கிறார் நண்பர். வகுப்புக்கு நாளைக்குள் பணம் கட்ட வேண்டும். எது சரி?

வலைஞன்:
படகு எத்தனை அடி? எத்தனை பேரை ஏற்றுவீர்கள்? இதுவரை எத்தனை நாள் ஓட்டியிருக்கிறீர்கள்?

துடுப்பு:
யோசிக்காமல் மாஸ்டர் எடுங்கள். ஓயுபிவி என்றால் 6 பயணிகளோடு சரி.

பழைய மாலுமி:
கேட்பதற்கு முன் தேடிப் பார்க்கும் பழக்கமே போய்விட்டது. கடலோரக் காவல்படையின் சோதனைச் சான்று இல்லாத சின்னப் படகில், மாஸ்டரே ஓட்டினாலும் 6 பேர்தான். லைசென்ஸ் பெரிதானால் படகு பெரிதாகிவிடாது தம்பி.

கால்வெஸ்டன்காரன்:
23 அடி. 4 வருடமாக ஓட்டுகிறேன், பெரும்பாலும் கரையோர விரிகுடாவுக்குள், வெளிக்கடலில் அல்ல. கிரீன் கார்டு.

வலைஞன்:
கிரீன் கார்டா! அதுதான் முக்கியம். மாஸ்டருக்கு அமெரிக்கக் குடியுரிமை வேண்டும். உங்களுக்கு ஓயுபிவி மட்டுமே கிடைக்கும், அதுவும் மத்திய அரசின் ஆவணப்பதிவு இல்லாத படகுக்கு. 5 நெட் டன்னுக்கு (இது எடை அல்ல, படகின் உள் கொள்ளளவு) கீழே இருந்தால் அந்தப் பதிவு தேவையில்லை.
மொத்தம் 360 நாள் அனுபவம், அதில் 90 நாள் சமீபத்தியதாக இருக்க வேண்டும். சின்னப் படகில் 4 மணி நேரம் ஓடினால் ஒரு நாள். சொந்தப் படகென்றால் சிஜி-719எஸ் என்ற கடல் அனுபவப் படிவத்தில் நீங்களே கையெழுத்துப் போடலாம், உரிமைச் சான்றை இணையுங்கள். துறைமுக வாயிலின் அலைதடுப்புச் சுவரைத் தாண்டி வெளிக்கடலில் 90 நாளாவது ஓட்டவில்லை என்றால், உள்நீருக்கு மட்டுமான லைசென்ஸ்தான் வரும்.

துடுப்பு:
வருகிறவர்கள் பெட்ரோல் காசைப் பங்கிட்டால் லைசென்ஸே வேண்டாமே?

பழைய மாலுமி:
நண்பர்கள் விருப்பப்பட்டு உண்மைச் செலவைப் பகிர்ந்தால் வேண்டாம். காசு தந்தால்தான் ஏற்றுவேன் என்றால் அது வாடகைப் பயணம். அவர் கேட்டது இரண்டாவது.

துடுப்பு:
ஐஸ், தூண்டில் இரைக்குக் காசு வாங்கினால்?

பழைய மாலுமி:
அதுவும் அன்றைய செலவுதான். அதற்கு மேல் ஒரு டாலர் கேட்டாலும் வாடகை.

துடுப்பு:
யார் கணக்குப் பார்க்கப் போகிறார்கள்?

வலைஞன்:
விபத்து நடந்தால் எல்லோரும் பார்ப்பார்கள். அந்தப் பேச்சை இங்கே விடுங்கள். கால்வெஸ்டன்காரன், டிவிக் கார்டு (துறைமுகப் பாதுகாப்பு அடையாள அட்டை), மருத்துவப் பரிசோதனை, போதைமருந்துச் சோதனை, முதலுதவிச் சான்று எல்லாம் வேண்டும். நாள் கணக்கு என்ன ஆயிற்று?

கால்வெஸ்டன்காரன்:
எண்ணிப் பார்த்தேன், 212 நாள்தான். மாஸ்டர் வகுப்புக்குப் பணம் கட்டவில்லை. நன்றி அண்ணா.