கலைச்சொல்: சிலுவையிலும் பதக்கத்திலும் உள்ள எழுத்துச் சுருக்கங்கள்

அன்பின் குழுவினருக்கு,

கிறிஸ்தவக் கலைப்பொருள் சொற்பட்டியலில் சிலுவை உச்சியின் ஐ.என்.ஆர்.ஐ., நற்கருணைப் பேழையின் ஐ.எச்.எஸ்., புனித ஆசீர்வாதப்பர் (பெனடிக்ட்) பதக்கத்தின் எழுத்துகள் ஆகிய மூன்றுக்கும் 'முதலெழுத்துச் சுருக்கம்' என்றே இட்டிருக்கிறேன். மறுப்பு இருந்தால் சொல்லுங்கள்.

----

> மூன்றுக்கும் 'முதலெழுத்துச் சுருக்கம்'

இரண்டுக்குப் பொருந்தும் ஐயா, ஐ.எச்.எஸ்.ஸுக்குப் பொருந்தாது.

ஐ.என்.ஆர்.ஐ. நான்கு சொற்களின் முதலெழுத்துகள்: இயேசுஸ் நசரேனுஸ் ரெக்ஸ் யூதேயோரும். நாசரேத்து இயேசு, யூதர்களின் அரசர். பழைய லத்தீனில் ஐ, ஜே என்று தனித்தனி எழுத்து கிடையாது. அதனால்தான் முதலிலும் கடைசியிலும் அதே எழுத்து.

ஐ.எச்.எஸ். பிறந்த இடம் லத்தீனே அல்ல. கிரேக்கத்தில் இயேசு என்ற ஒரே பெயரிலிருந்து எடுத்த இயோத்தா, ஏத்தா, சிக்மா. ஏத்தாவின் பெரிய வடிவமும் லத்தீன் எச்சும் பார்வைக்கு ஒன்றுதான். சிக்மாவைப் பிறை வடிவில் எழுதினால் லத்தீன் சி போலத் தெரியும். ஆகவே பழைய பூசைத் துணிகளிலும் கிண்ணங்களிலும் ஐ.எச்.சி. என்று இருந்தால் 'எழுத்துப்பிழை' என்று குறித்துவிடாதீர்கள்.

எழுத்துகளுக்கு மேலே ஓடும் கோடு 'இது சுருக்கம்' என்பதற்கான அடையாளம். சிறிய எழுத்தில் எழுதும்போது எச்சின் நெடுந்தண்டு மேலெழுந்து அந்தக் கோட்டை வெட்டும். நடுவில் நிற்கும் சிலுவை அப்படி வந்ததுதான்.

'இயேசுஸ் ஹோமினும் சால்வாத்தோர்', அதாவது மனிதரின் மீட்பர் இயேசு, என்ற விரிவு பின்னால் பொருத்தப்பட்டது. பொருள் அழகாகத்தான் இருக்கிறது. ஆனாலும் அதைப் 'பிற்கால விளக்கம்' என்ற கட்டத்தில் போடுங்கள், 'விரிவு' என்ற கட்டத்தில் வேண்டாம்.

இன்னொன்று: கதிர்கள் சூழ்ந்த ஐ.எச்.எஸ்.ஸைக் கண்டதும் இயேசு சபைப் பொருள் என்று எழுதிவிடுகிறார்கள். பிரான்சிஸ்கன் துறவி சியெனா பெர்னார்தீன் (1380–1444) கதிர் சூழ்ந்த இந்தப் பெயரைப் பலகையில் தீட்டி மக்களுக்குக் காட்டிப் போதித்தார். அப்போது இயேசு சபையே இல்லை. அது 1540இல்தான் ஒப்புதல் பெற்றது. கீழே மூன்று ஆணிகள் இருந்தால் அச்சபையாக இருக்கலாம். அதையும் வேறு சான்றோடு சேர்த்தே முடிவு செய்ய வேண்டும்.

என் பரிந்துரை: ஐ.என்.ஆர்.ஐ.க்கு 'சொன்முதற் சுருக்கம்', ஐ.எச்.எஸ்.ஸுக்குத் 'திருப்பெயர்க் குறுக்கம்'.

----

> திருப்பெயர்க் குறுக்கம்

'திருப்பெயர்' சரி. 'குறுக்கம்' என்றால் ஐகாரக் குறுக்கமும் மகரக் குறுக்கமும்தான் நினைவுக்கு வரும். மாத்திரை குறைவது வேறு, எழுத்து விடுபடுவது வேறு. 'திருப்பெயர்ச் சுருக்கம்' என்றே வைக்கலாம்.

உட்பிரிவுக்கு நம் இலக்கணத்திலேயே சொல் இருக்கிறது அம்மா: கடைக்குறை, இடைக்குறை. பெயரின் முதல் எழுத்துகளை மட்டும் வைத்து மீதியை விட்டால் கடைக்குறைச் சுருக்கம். முதலும் கடையும் நிற்க நடுப்பகுதி போனால் இடைக்குறைச் சுருக்கம். கிழக்குத் திருச்சபைத் திருவோவியங்களில் இயேசுவின் முகத்துக்கு இருபுறமும் இரண்டிரண்டு எழுத்தாக எழுதுவது இந்த இரண்டாம் வகை.

----

> கடைக்குறை, இடைக்குறை

இலக்கணத்தில் குறைந்த சொல்லைக் குறைந்தபடியே ஒலிக்கிறோம். இங்கே எழுத்துதான் குறைகிறது, வாய் முழுப்பெயரைச் சொல்கிறது. 'சுருக்கம்' என்ற ஒட்டு இருப்பதால் குழப்பம் வராது, ஏற்கிறேன்.

ஆனால் ஐ.எச்.எஸ். எதில் சேரும்? அந்தப் பெயரில் சிக்மா மூன்றாம் எழுத்தாகவும் வருகிறது, கடைசி எழுத்தாகவும் வருகிறது. முதல் மூன்று என்றால் கடைக்குறை. முதல் இரண்டும் கடைசியும் என்றால் இடைக்குறை. இதற்கு உட்பிரிவு தராமல் பொதுப்பெயரோடு விட்டுவிடுவோம்.

பதக்கம் சொன்முதற் சுருக்கமேதான். ஒரு நடைமுறைச் சிக்கல் மட்டும் உண்டு. பதக்கத்திலுள்ள சிலுவையின் நெடுக்கில் ஐந்து லத்தீன் சொற்கள் (பொருள்: புனிதச் சிலுவை எனக்கு ஒளியாகுக), குறுக்கில் ஐந்து லத்தீன் சொற்கள் (பொருள்: அலகை எனக்கு வழிகாட்டியாக வேண்டாம்). நடுவிலுள்ள எஸ் இரண்டு வரிக்கும் பொது. ஆக எழுத்து ஒன்பது, சொல் பத்து. எழுத்துப்பெயர்ப்புக் கட்டத்தில் ஒன்பதை எழுதிவிட்டு, விரிவுக் கட்டத்தில் இரு வரிகளையும் தனித்தனியே தருவது நல்லது. விளிம்பு வரியை உச்சிக்கு வலப்புறம் தொடங்கி வலஞ்சுழியாகப் படிக்க வேண்டும். வேறு இடத்தில் தொடங்கினால் 'பின்னால் போ, சாத்தானே' என்ற தொடக்கம் நடுவில் மாட்டிக்கொள்ளும்.

சிலுவை உச்சியில் ஐ.என்.ஆர்.ஐ. எழுதும் பலகைக்கும் சொல் வேண்டும். பழைய விவிலிய மொழிபெயர்ப்பில் 'மேல்விலாசம்'. இன்று அது தபால் முகவரியாகத்தான் காதில் விழும். 'மேற்பலகை' என்கிறேன். பலகை வேறு, அதிலுள்ள எழுத்து வேறு: மாட்ரிட் பிராதோ அருங்காட்சியகத்திலுள்ள, வெலாஸ்கெஸ் தீட்டிய சிலுவை ஓவியத்தில் மேற்பலகை உண்டு, ஐ.என்.ஆர்.ஐ. கிடையாது. எபிரேயம், கிரேக்கம், லத்தீன் மூன்றிலும் வாசகம் விரிவாகவே இருக்கிறது.

----

மேற்பலகை, சொன்முதற் சுருக்கம், திருப்பெயர்ச் சுருக்கம் மூன்றையும் பட்டியலில் ஏற்றிவிட்டேன். கிரேக்க எழுத்துகளான 'கை' (Χ), 'ரோ' (Ρ) இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்றாக எழுதும் கிறிஸ்து அடையாளம் பாக்கி. 'கூட்டெழுத்து' ஓலைச்சுவடிக்காரர்களுடையது, 'பிணையெழுத்து' என்று தற்காலிகமாக இட்டிருக்கிறேன். இதைவிடப் பொருத்தமான சொல் இருந்தால் இதே இழையில் எழுதுங்கள்.