மறுமொழி: வேட்டைக் குரலுக்கு இரைகொல்லி தரும் பதில் – ‘மறுவிளி’ எனலாமா?

அன்புள்ள குழும நண்பர்களுக்கு, வணக்கம். வேட்டைக்காரரோ ஆய்வாளரோ எழுப்பும் குரலுக்கு, ஓநாய், புலி போன்ற இரைகொல்லி விலங்கு குரலாலேயே தரும் பதிலுக்கு ஒரு தமிழ்ச் சொல் தேடிக்கொண்டிருக்கிறோம். அதற்கு நண்பர் ஒருவர் எழுதியது:

> “குரல் எதிர்வினை” என்று போட்டுவிட்டு அடுத்த சொல்லுக்குப் போகலாமே.

போக முடியாது ஐயா. விலங்கு என்ன செய்தாலும் அது எதிர்வினைதான். ஓடினாலும் எதிர்வினை, பதுங்கி வந்தாலும் எதிர்வினை, வாய் திறந்து பதில் சொன்னாலும் எதிர்வினை. வேட்டைக்காரருக்கும் சரி, கணக்கெடுக்கப் போகும் ஆய்வாளருக்கும் சரி, இவை மூன்றும் வேறு வேறு செய்திகள். முன்னால் ‘குரல்’ என்று சேர்த்தாலும், குரலுக்கு எதிர்வினையா, குரலால் எதிர்வினையா என்ற குழப்பம் தீராது.

முதலில் வேட்டைக்காரர் எழுப்பும் ஓசையிலேயே இரண்டு வகை இருப்பதைப் பார்க்க வேண்டும். ஒன்று, அடிபட்ட முயலைப் போலக் கத்துவது. வட அமெரிக்காவில் நரியையும் கொயோட் என்ற சிறு ஓநாயையும் இப்படித்தான் வரவழைக்கிறார்கள். இதற்கு விலங்கு பெரும்பாலும் வாய் திறப்பதில்லை. இரை கிடக்கிறது என்று நம்பிய விலங்கு ஊரைக் கூட்டிக்கொண்டா வரும்? சத்தமில்லாமல், காற்றின் போக்கை மோந்துபார்த்து வரும். இன்னொன்று, அந்த விலங்கின் இனக் குரலையே எழுப்புவது. கொயோட் போல ஊளையிட்டால் கொயோட் கூட்டம் ஊளையிட்டு இருக்குமிடத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். ஆம்புலன்ஸ் சைரன் போன்ற ஒலிக்குக்கூட அது பதில் கொடுப்பதால், சைரன் வைத்தே அதைத் தேடியிருக்கிறார்கள். நாம் சொல் தேடுவது இந்த இரண்டாவது வகைக்குக் கிடைக்கும் பதிலுக்கு.

அந்தப் பதிலில் என்ன இருக்கிறது என்பதற்கு ஓநாய்தான் நல்ல சான்று. 1970களில் மின்னசோட்டாக் காடுகளில் ஹாரிங்டன், மெக் என்ற இரு ஆய்வாளர்கள் தாங்களே ஊளையிட்டு ஓநாய்களைச் சோதித்தார்கள். அப்போதுதான் கொன்ற இரை அருகில் இருந்தாலோ குட்டிகள் உடன் இருந்தாலோ கூட்டம் பதில் கொடுத்துவிட்டு அங்கேயே நிற்கும். தனி ஓநாய் பெரும்பாலும் வாய் திறக்காது. ஆக, பதில் என்பது வெறும் அனிச்சை இல்லை. “இந்த இடத்துக்கு ஆள் இருக்கிறது” என்ற அறிவிப்பு. காப்பாற்ற ஏதாவது இருப்பவர் தரும் அறிவிப்பு. ஆப்பிரிக்காவின் செரெங்கெட்டிப் புல்வெளியில் ஒலிபெருக்கியில் அயல் சிங்கங்களின் கர்ஜனையைப் போட்டுக் காட்டியபோது, ஒரு குரலா மூன்று குரலா என்று பார்த்தே பெண் சிங்கங்கள் நெருங்குவதா தயங்குவதா என்று முடிவு செய்தன. 1994இல் வெளிவந்த ஆய்வு அது. புலிக்கு வந்தால், 1938இல் தாக் கிராமத்து ஆட்கொல்லிப் பெண்புலி கூப்பிட்டபோது வேட்டைக்காரர் ஜிம் கார்பெட் ஆண்புலியின் குரலில் பதில் கொடுத்தார். அதுவும் மாற்றி மாற்றிக் குரல் கொடுத்துக்கொண்டே நெருங்கி வந்தது. அங்கே பதிலின் பொருள் வேறு, துணை தேடல். நம் சொல் எல்லைக் காவலையும் துணை தேடலையும் சேர்த்துத் தாங்க வேண்டும்.

குழுமத்தில் இதுவரை வந்த சொற்களில் ‘எதிரொலி’ மலையிலிருந்து திரும்பும் ஓசைக்கு உரியது, விட்டுவிடலாம். ‘எதிர்க்குரல்’ இன்று அரசியல் எதிர்ப்புக்கு வழங்குகிறது. மதுரை அம்மா சொன்ன ‘பயிர்தல்’ எனக்கு மிகவும் பிடித்தது. குறுந்தொகையில் கள்ளிக்காட்டுப் பல்லி தன் துணையைக் கூப்பிடுவதற்கு அந்தச் சொல்தான் வருகிறது. ஆனால் ‘எதிர்ப்பயிர்’ என்று எழுதினால் வேளாண்மைத் துறைக்காரர்கள் உரம் வாங்கக் கிளம்பிவிடுவார்கள் என்பதே உண்மை நிலை; இன்று பயிர் என்றால் வயல்தான்.

எனவே எங்கள் கேரள எல்லைப்பக்கத்துச் சொல்லை வைக்கிறேன். கொழிஞ்சாம்பாறைப் பக்கம் பனந்தோப்புக்கும் வயலுக்கும் நடுவே குள்ளநரி இன்னும் உண்டு. காவலுக்குப் படுத்திருக்கும் பெரியவர் ஒருவர் இரண்டு கையையும் வாயில் குவித்து நீளமாக ஊளையிடுவார். கடைசியில் குரலை உடைப்பார். உடைக்காவிட்டால் நரி நம்பாது என்பார். கொஞ்ச நேரம் ஒன்றும் இருக்காது. அப்புறம் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் ஒன்று எடுக்கும், அது முடிவதற்குள் மற்றவை சேர்ந்துகொள்ளும். “விளி கேட்டாச்சு” என்று சொல்லிவிட்டுப் பெரியவர் போர்வையை இழுத்துக்கொள்வார். மலையாளத்தில் ‘விளி கேள்க்குக’ என்றால் கூப்பிட்டதற்குப் பதில் கொடுப்பது. அந்தப் பதிலுக்கு ‘மறுவிளி’ என்ற சொல்லும் அங்கே உண்டு. (நரி ஊளைக்கு அவர்கள் சொல்வது ‘ஓரியிடல்’. நம் பழந்தமிழில் ஓரி என்றால் ஆண் நரி.)

இது கடன் சொல் இல்லை. தொல்காப்பியத்தில் விளிமரபு என்று ஓர் இயலே இருக்கிறது. பள்ளியில் எட்டாம் வேற்றுமையை விளி வேற்றுமை என்றுதான் படித்தோம். ஊளை, கர்ஜனை, உறுமல், செந்நாயின் சீழ்க்கை என எந்த ஓசையானாலும் விளி என்ற சொல் தாங்கும். ‘ஊளை’யை வைத்துச் சொல் செய்தால் சிங்கத்துக்கும் புலிக்கும் தனியாக ஒன்று தேட வேண்டிவரும்.

> விளிதல் என்றால் இறத்தல் அல்லவா? குறளில் ‘விளிந்தார்’ வருகிறதே.

உண்மைதான். ஆனால் இறத்தலைச் சொல்லும் விளிதல் வேறு, கூப்பிடுதலைச் சொல்லும் விளித்தல் வேறு. இத்தனை காலம் விளி வேற்றுமையைப் படித்த யாரும் சாவை நினைத்துக் குழம்பவில்லை.

சொல்லடைவுக்கு இப்படி எழுதலாம். மறுவிளி: தன் இனக் குரலையோ அதைப் போன்ற ஒலியையோ கேட்ட விலங்கு குரலால் தரும் பதில். அதை வரவழைக்க எழுப்பும் ஒலி ‘தூண்டுவிளி’. இரையின் அலறலைப் போலி செய்வது ‘இரைவிளி’. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு இங்கே இந்த வித்தையை வேட்டைக்குப் பயன்படுத்த வழியில்லை. ஆனால் கிரீஸிலும் ஹங்கேரியிலும் நம் ஊர்க் குள்ளநரி இனத்தையே ஒலிபெருக்கியில் ஊளை போட்டு, வரும் பதிலை வைத்து எண்ணுகிறார்கள். அதற்கு ‘மறுவிளிக் கணக்கெடுப்பு’ என்றால் ஒரே வேரில் எல்லாம் அமைந்துவிடும்.

ஒன்று மட்டும் எனக்கு முடிவாகவில்லை. துரத்தலில் சிதறிய செந்நாய்கள் மறுபடி ஒன்றுசேரச் சீழ்க்கை அடித்துக்கொள்கின்றன. மனிதர் யாரும் தூண்டாத அந்தப் பதிலையும் மறுவிளி என்றே சொல்லலாமா, இல்லை தூண்டுவிளிக்கு வருவதை மட்டும் அப்படிச் சொல்ல வேண்டுமா? பறம்பிக்குளம், ஆனைமலைப் பக்கம் செந்நாய் பார்த்துப் பழகிய நண்பர்கள் எழுதுங்கள்.

அன்புடன்,
கொழிஞ்சாம்பாறையிலிருந்து