புதுப்பிப்பு: நீலமே இல்லாமல் பிர்ச் மரங்கள்

வெள்ளைப் பட்டை கொண்ட பிர்ச் மரங்களின் காட்சியை நான்கே நிறங்களில் தீட்ட வருமா, நீலம் இல்லாமல் வானத்துக்கு என்ன செய்வது என்று முன்பு கேட்டிருந்தேன். படம் முடிந்தது. வரும், தாராளமாக.

வண்ணத் தட்டில் மஞ்சள் ஓக்கர் (மண் மஞ்சள்), காட்மியம் சிவப்பு, ஐவரி கறுப்பு, வெள்ளை மட்டும்தான். ஸ்வீடன் ஓவியர் ஆண்டர்ஸ் சோர்னின் பெயரால் அறியப்படும் அதே தொகுப்பு. ஐவரி கறுப்பில் வெள்ளையைக் கலந்து ஓக்கருக்குப் பக்கத்தில் வைத்தால் கண்ணுக்கு நீலமாகவே படுகிறது. வானம் அதிலேயே முடிந்தது. அதே கறுப்பும் ஓக்கரும் சேர்ந்தால் ஒரு மங்கிய பச்சை. தூரத்துப் புதர்களுக்கு அது போதும். இளந்தளிர்ப் பச்சை மட்டும் வரவே வராது, அதனால் இலையுதிர்காலமாக்கிவிட்டேன்!

அடிமரம்தான் சுவாரசியம். 'வெள்ளை மரம்' என்றாலும் தூய வெள்ளை, வெயில் படும் ஓரத்தில் ஒரு கீற்றுதான். நிழல் பக்கம் சாம்பல்; தரைக்கு அருகே, புல்லின் எதிரொளிக்காக, துளி ஓக்கர். பட்டையின் கிடைமட்டக் கோடுகளைத் தூரிகையால் வரையவில்லை. ஓவியக் கத்தியின் விளிம்பில் கறுப்பைத் தொட்டுப் பக்கவாட்டில் இழுத்தேன். பாதியில் தானே அறுந்துபோகிறது, பட்டையிலும் அப்படித்தானே!

வானத்துக்கு எதிரே வரும் மேல்கிளைகளை மட்டும் கருமையாக விடுங்கள். அங்கே வெள்ளை எடுபடாது.