சோஷியல் டிசயரபிலிட்டி பயஸ்: "நற்பெயர்ச் சாய்பிழை" பொருந்துமா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

கருத்தாய்வில் கேட்பவர் முன் நல்ல பெயர் எடுக்க மக்கள் விடையை மாற்றிச் சொல்வதால் வருவதே சோஷியல் டிசயரபிலிட்டி பயஸ். அதற்கும் அதை ஒட்டிய சொற்களுக்கும் தமிழ்ச் சொல் தேடுகையில் நீங்கள் எழுப்பிய கேள்விகளும் என் பதில்களும் இவை.

> "சமூக விரும்பத்தக்க சார்பு" என்றே வைத்துக்கொண்டால் என்ன?

அதைப் படிப்பவர், சமூகம் எதையோ விரும்புவதாக எடுத்துக்கொள்வார், ஐயா. நடப்பது வேறு. கணக்கெடுப்பாளர் எதிரே உட்கார்ந்து "கடந்த தேர்தலில் வாக்களித்தீர்களா?" என்று கேட்டால், வாக்களிக்காதவரும் "ஆமாம்" என்கிறார். கேட்பவர் முன் பெயர் கெடக்கூடாது, அவ்வளவுதான். கருத்தாய்வுகளில் வரும் வாக்களிப்பு விகிதம் அதிகாரப்பூர்வக் கணக்கைவிடப் பெரும்பாலும் கூடுதலாக இருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். ஆகவே முற்பகுதிக்கு "நற்பெயர்" போதும்.

பிற்பகுதியான "பயஸ்"தான் சிக்கல். "சார்பு" கணிதப் பாடநூல்களில் ஃபங்ஷனுக்குப் போய்விட்டது. "சாய்வு" நேர்கோட்டின் சரிவுக்கு. ஒரே கட்டுரையில் இரண்டு பொருளிலும் வந்தால் மாணவர் தடுமாறுவார். வெறும் "பிழை" என்றால் தற்செயல் பிழையோடு கலந்துவிடும். மாதிரியை 500 பேரிலிருந்து 5,000 பேராக உயர்த்தினால் தற்செயல் பிழை சுருங்கும். இது சுருங்காது, விடைகளை ஒரே பக்கமாகத் தள்ளிக்கொண்டே இருக்கும். அதனால் "சாய்பிழை". தெரிவுச் சாய்பிழை, நினைவுச் சாய்பிழை, சாய்பிழையற்ற மதிப்பீடு என்று மற்றவற்றுக்கும் கைகொடுக்கும்.

> விடை சொன்னவர் பிழை செய்யவில்லையே? தெரிந்தேதானே மறைக்கிறார்?

பிழை அளவீட்டினுடையது, ஆளுடையது அல்ல. ஆனால் உங்கள் கேள்வி இன்னொன்றைத் தெளிவாக்குகிறது. அரசுக்கு அஞ்சி மறைப்பதை இந்தச் சொல்லுக்குள் அடைக்கக்கூடாது. கூச்சத்தால் மறைப்பவர், வினாத்தாளைத் தாமே நிரப்பும்போது ஓரளவு திறந்து சொல்வார். அஞ்சுபவருக்கு அந்தத் தாளே சாட்சியாகத் தெரியும். அதற்கு "அச்ச மறைப்பு" என்று தனிச்சொல் வேண்டும்.

அடுத்தது லிஸ்ட் எக்ஸ்பெரிமென்ட், அதாவது கூச்சம் தரும் விடையை மறைமுகமாகக் கேட்டறியும் முறை. "பட்டியல் சோதனை" வேண்டவே வேண்டாம். பட்டியலைச் சரிபார்ப்பது போல ஒலிக்கிறது. நம் சமூகவியல் எழுத்தில் "பட்டியல்" என்றாலே பட்டியல் சாதி, பட்டியல் பழங்குடிதான் நினைவுக்கு வரும். இந்த முறையின் உயிர், "எவை" என்று கேட்காமல் "எத்தனை" என்று கேட்பதில் இருக்கிறது. குலுக்கல் முறையில் பிரித்த ஒரு குழுவுக்கு 4 சாதாரணக் கூற்றுகள். மற்றதற்கு அவற்றோடு கூச்சம் தரும் ஐந்தாவது கூற்று. தமக்குப் பொருந்துபவை எத்தனை என்று மட்டும் சொல்வார்கள். சராசரிகள் 1.9, 2.2 என்றால் வேறுபாடு 0.3, அதாவது ஏறக்குறைய 30 சதவீதம் பேருக்கு ஐந்தாவது கூற்று பொருந்துகிறது. ஆகவே "எத்தனை வினா" என்றே சொல்லலாம்.

> எளிமையாக இருக்கிறது. விளக்கக் குறிப்பில் குறைகளையும் சேர்க்க வேண்டும்.

கட்டாயம் வேண்டும். நான்கு சாதாரணக் கூற்றுகளும் பொருந்திவிட்டால், "ஐந்து" என்று சொல்பவரின் மறைவு போய்விடும். அவர் "நான்கு" என்று குறைத்துச் சொல்வார். ஒன்று பொருந்தினால் மற்றது பொருந்தாத இரு கூற்றுகளை வைப்பது இதற்காகத்தான். துல்லியமும் குறையும். 1,000 பேரிடம் நேரடியாகக் கேட்டு 30 சதவீதம் வந்தால் திட்டப் பிழை (தற்செயல் பிழையின் அளவு) ஏறக்குறைய 1.5 சதவீதப் புள்ளி. அதே 1,000 பேரை இரண்டாகப் பிரித்து எத்தனை வினா கேட்டால், ஒவ்வொரு குழுவிலும் திட்ட விலக்கம் (விடைகள் சிதறும் அளவு) 1 எனக் கொண்டால், அது 6.3 ஆகிவிடும். சாய்பிழை குறைகிறது, தற்செயல் பிழை ஏறுகிறது. இரண்டுக்கும் தனித்தனிச் சொல் இருந்தால்தான் இந்த வாக்கியத்தையே தமிழில் எழுத முடியும்.