கையெழுத்து வாங்கிவிட்டால் கடமை முடிந்ததா?

பட்டறைவாசி:
பாதுகாப்புப் பயிற்சி நடத்தும் ஒருவர் பேசிய காணொளி இரண்டு நாளாக எங்கள் வாட்ஸ்அப் குழுவில் சுற்றுகிறது. முதலாளிகளுக்கு அவர் சொல்லும் யோசனை இது: ஹெல்மெட், ஷூ, கண்ணாடி கொடுங்கள், ஒரு மணி நேரம் பயிற்சி கொடுங்கள், பதிவேட்டில் கையெழுத்து வாங்குங்கள். அதோடு உங்கள் கடமை முடிந்தது, அப்புறம் நடப்பதெல்லாம் தொழிலாளி பொறுப்பு. கேட்டதிலிருந்து எனக்கு வயிறு எரிகிறது. 22 வருடமாக பிட்டர் வேலை பார்க்கிறேன். ஓடுகிற பெல்ட்டைக் கையெழுத்து நிறுத்தி நான் பார்த்ததில்லை. கார்டு, அதாவது ஓடும் பாகத்தை மறைக்கும் வேலி, போட்டிருந்தால் கை உள்ளே போகாது, இல்லாவிட்டால் போகும். அவ்வளவுதான்.

1937-லேயே பிரிட்டனின் பிரபுக்கள் சபை இதற்குத் தீர்ப்பு சொல்லிவிட்டது. அன்று அந்த நாட்டின் உச்ச நீதிமன்றம் அதுதான். நிலக்கரிச் சுரங்கத்தில் பகல் ஷிப்ட் முடிந்து வெளியே வந்துகொண்டிருந்த தொழிலாளி, இழுவை இயந்திரத்தை ஓட விட்டதால் மாட்டிக்கொண்டார். 'தகுதியுள்ள மேலாளரிடம் பொறுப்பைக் கொடுத்துவிட்டேன்' என்றார் சுரங்க முதலாளி. வேலையை யாரிடம் வேண்டுமானாலும் கொடு, கடமையைக் கைமாற்ற முடியாது என்றது நீதிமன்றம். படித்த மேலாளரிடமே கைமாற்ற முடியாத கடமையை, பேனா கொடுத்துத் தொழிலாளியிடம் தள்ளிவிட முடியுமா?

சிறுமுதலாளி:
ஐயா, நானும் பதினெட்டுப் பேரை வைத்து ஒரு பட்டறை நடத்துகிறேன். கண்ணாடி வாங்கிக் கொடுத்தால் அதை நெற்றிக்கு மேலே ஏற்றிவிட்டு கிரைண்டிங் பிடிக்கிறார்கள். ஹெல்மெட்டைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்து போன் பார்க்கிறார்கள். ஒவ்வொருவர் முதுகுக்குப் பின்னாலும் நான் நிற்க முடியுமா? நான் கொடுத்தேன் என்பதற்குக் கையெழுத்தைத் தவிர வேறு என்ன சாட்சி? அந்தக் காணொளிக்காரர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை.

பட்டறைவாசி:
சாட்சி வேறு, கடமை வேறு. கண்ணாடி கொடுத்ததற்குக் கையெழுத்து சாட்சி, சரி. கண்ணாடியைப் போட வைத்ததற்கு அது சாட்சி இல்லை. நெற்றியில் ஏறியிருப்பதை நீங்கள் பார்த்ததாக நீங்களே எழுதுகிறீர்கள். பார்த்துவிட்டு என்ன செய்தீர்கள்? கண்ணாடியில் ஆவி படிந்து பார்வை மறைக்கிறதா, காதோரம் அறுக்கிறதா என்று ஒரு நாளாவது கேட்டீர்களா?

சட்டப்புள்ளி:
பட்டறைவாசி வழக்கமாகத் தனக்குச் சாதகமான வழக்கை மட்டும் எடுத்து வருவார். 1964 வழக்கை ஏன் விட்டுவிட்டார்? அதே பிரபுக்கள் சபை. வெடி வைக்கும் பயிற்சி பெற்ற இரண்டு சகோதரர்கள். மறைவிடத்துக்குப் போன பிறகுதான் வெடியைத் தூண்டும் டெட்டனேட்டரின் மின்சுற்றைச் சோதிக்க வேண்டும் என்று விதி இருந்தது, அது அவர்களுக்குத் தெரியும். நிர்வாகமும் சொல்லியிருந்தது. கேட்காமல் வெட்டவெளியில் நின்று சோதித்தார்கள், வெடித்தது. தெரிந்தே ஆபத்தை ஏற்றுக்கொண்டவருக்கு இழப்பீடு இல்லை என்று தீர்ப்பு வந்தது. தொழிலாளிக்கும் பொறுப்பு உண்டு.

பட்டறைவாசி:
அந்த வழக்கில் கையெழுத்து எங்கே இருக்கிறது? அங்கே விதி அந்த இருவர் மேலேயே நேரடியாகக் கடமையை வைத்திருந்தது. நிர்வாகத்தின் பக்கம் தவறே இல்லை. அதைக் கொண்டுவந்து கார்டு இல்லாத இயந்திரத்துக்கு ஒட்டாதீர்கள்.

தெரிந்து வேலை செய்ததைப் பற்றிப் பேசினால் அதே பிரபுக்கள் சபையின் 1891 வழக்கு இருக்கிறது. பாறையில் துளை போடுகிற ஆள், தலைக்கு மேலே கிரேன் கல்லைத் தூக்கிக்கொண்டு போகிறது. விழக்கூடும் என்று அவருக்குத் தெரியும், ஆனாலும் வேலையை விடவில்லை. ஒரு நாள் விழுந்தது. ஆபத்து தெரியும் என்பதும் ஆபத்துக்குச் சம்மதித்தேன் என்பதும் ஒன்றல்ல என்றார்கள். உங்கள் பதிவேட்டுக் கையெழுத்து 'தெரியும்' என்பதற்குத்தான். சம்மதத்துக்கு இல்லை.

சட்டப்புள்ளி:
1964, 1891-க்குப் பிறகு வந்தது. காலண்டர் பாருங்கள்.

சேப்டிக்காரன்:
இரண்டு பேரும் கொஞ்சம் பொறுங்கள். நான் பாதுகாப்பு அலுவலர். பதிவேடு இல்லாவிட்டால் ஆய்வாளர் வந்தவுடன் முதலில் நிற்க வைப்பது என்னைத்தான். பட்டறைவாசி பேசுவதைப் பார்த்தால் பதிவேடே வேண்டாம் என்பது போல இருக்கிறது. போன மாதம் கையுறை விவாதத்திலும் இப்படித்தான் எல்லோரையும் குழப்பினார்.

பட்டறைவாசி:
கையுறையை நீங்களே ஆரம்பித்துவிட்டீர்கள், சரி. சுழலும் டிரில் பக்கத்தில் துணிக் கையுறை போடக் கூடாது, நூல் ஒன்று சுற்றினால் கையையே இழுத்துவிடும் என்றேன். நீங்கள்தான் எல்லா வேலைக்கும் கையுறை கட்டாயம் என்று நின்றீர்கள். இன்று வரை அதைத் திருத்தவில்லை.

சேப்டிக்காரன்:
'பொருத்தமான கையுறை' என்று எழுதினேன். பொருத்தமான என்ற சொல்லை நீங்கள் வசதியாக விட்டுவிடுகிறீர்கள்.

மூன்றாம்ஷிப்ட்:
அண்ணே, ஒரு சந்தேகம். நான் ஒப்பந்தத் தொழிலாளி. 'உயரத்தில் வேலை செய்வதன் ஆபத்தை அறிவேன், விபத்துக்கு நானே பொறுப்பு' என்று அச்சடித்த தாளில் கையெழுத்து கேட்கிறார்கள். ஷூவுக்கான பணத்தையும் சம்பளத்தில் பிடிக்கிறார்கள். இது சரியா?

சிறுமுதலாளி:
தம்பி, அதற்குத் தனித் திரி போடுங்கள். இங்கே விஷயம் கையெழுத்து. 'நியாயமாக இயன்ற அளவு' என்றுதானே சட்டம் சொல்கிறது. என்னால் இயன்றது கொடுப்பதும் கையெழுத்து வாங்குவதும். சின்னப் பட்டறைக்காரனிடம் பெரிய ஆலையின் செலவை எதிர்பார்க்காதீர்கள்.

பட்டறைவாசி:
தம்பி கேட்டதும் கையெழுத்துதான், அவருக்கு முதலில் சொல்கிறேன். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 155-ஆம் உடன்படிக்கை, 1981. அதன் 21-ஆவது பிரிவு, பாதுகாப்பு ஏற்பாட்டின் செலவு தொழிலாளி தலையில் விழக் கூடாது என்கிறது. அதே உடன்படிக்கையின் 13-ஆவது பிரிவு, உயிருக்கு உடனடி ஆபத்து என்று நியாயமாக நம்பி வேலையிலிருந்து விலகியவரைப் பழிவாங்கக் கூடாது என்கிறது. ஷூ பணம் பிடிப்பது தவறு.

இப்போது 'இயன்ற அளவு'. அது உங்கள் பணப்பையின் அளவு இல்லை. 1949-இல் ஒரு நிலக்கரிச் சுரங்க வழக்கில் இதற்குத் தராசு வைத்தார்கள். ஒரு தட்டில் ஆபத்து, இன்னொன்றில் அதைத் தடுக்க ஆகும் பணம், நேரம், சிரமம். ஆபத்து அற்பமாக இருந்து செலவு பல மடங்கு மிஞ்சினால்தான் முதலாளி தப்பலாம். ஒரு கார்டுக்கு நான்கு போல்ட். இதில் எந்தத் தட்டு கனம்?

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன். ஏழு வருடத்துக்கு முன்னால் நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் கன்வேயர் பெல்ட்டின் டெயில் புல்லி, அதாவது பெல்ட் திரும்பும் பின்முனை ரோலர், அதன் கார்டைச் சுத்தம் செய்யக் கழற்றினார்கள். திரும்ப மாட்டவில்லை. மூன்று வாரம் அது சுவரோரம் சாய்ந்தே கிடந்தது, மேலே தூசி படிந்து விரல் வைத்தால் கோடு விழும். போல்ட் நான்கும் ஒரு கிரீஸ் டப்பா மூடியில் இருந்தன. இரவு ஷிப்ட்டில் என் கையுறையின் நுனியை ரோலர் பிடித்தது. வலது கை மோதிர விரலின் மேல் கணு போய்விட்டது. மூன்றாம் நாள் மருத்துவமனைக் கட்டிலுக்கு வந்தவர்கள் முதலில் எடுத்துக் காட்டியது பதிவேட்டை. 'ஓடும் புல்லி அருகே கை வைக்க மாட்டேன்', அதன் கீழே என் பெயரில் ஒரு கையெழுத்து, நீல மையில். அந்தத் தேதியில் நான் விடுப்பில் இருந்தேன்.

சட்டப்புள்ளி:
அப்படியானால் அது போலிக் கையெழுத்து. போலியை வைத்து உண்மையான கையெழுத்து செல்லாது என்று வாதாடுவது என்ன நியாயம்?

சிறுமுதலாளி:
அதேதான். உங்களுக்கு நடந்ததற்கு வருத்தப்படுகிறேன். ஆனால் நான் யார் பெயரிலும் போலியாகப் போட்டதில்லை. என்னை ஏன் அந்த நிர்வாகத்தோடு சேர்க்கிறீர்கள்? விடுப்பில் இருந்ததற்கு உங்களிடம் ஆதாரம் இருந்ததா?

பட்டறைவாசி:
விடுப்பு விண்ணப்பத்தின் நகல் இன்னும் வீட்டில் இருக்கிறது. ஆனால் கேள்வி அது இல்லை. உண்மையாகவே நான் போட்டிருந்தாலும் சுவரோரம் கிடந்த கார்டு எழுந்து போய்ப் புல்லியில் உட்கார்ந்திருக்காது. அப்போது நடைமுறையில் இருந்த இந்தியாவின் 1948 தொழிற்சாலைகள் சட்டம், 21-ஆவது பிரிவு: இயந்திரம் ஓடும்போதெல்லாம் வேலி அதன் இடத்தில் இருக்க வேண்டும் என்றது. தொழிலாளி கையெழுத்துப் போட்டிருந்தால் தவிர என்று அதில் ஒரு வார்த்தை இருந்ததா? தண்டனையையும் பாருங்கள். அந்தச் சட்டத்தில் தொழிலாளி தன் கடமையை மீறினால் 500 ரூபாய் வரை அபராதம் இருந்தது. நடத்துபவர் மீறினால் இரண்டு வருடம் வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், இல்லை இரண்டும் இருந்தன. பாரம் யார் தலையில் என்பதை அந்த எண்களே காட்டுகின்றன.

சட்டப்புள்ளி:
பழைய சட்டத்தைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறீர்கள். 2020-இல் பாதுகாப்புக்கு ஒரே தொகுப்பாகப் புதுச் சட்டம் நிறைவேற்றிவிட்டார்கள். அது தெரியாமல் பிரிவு எண் சொல்லித் தருகிறார்.

பட்டறைவாசி:
தெரியும். அதிலும் முதலாளியின் கடமைகள் தனியாக இருக்கின்றன. பாதுகாப்புக்காகச் செய்யும் எதற்கும் தொழிலாளியிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்று அதிலும் இருக்கிறது. கையெழுத்து வாங்கினால் விடுதலை என்று அந்தத் தொகுப்பில் எங்கே எழுதியிருக்கிறது, காட்டுங்கள்.

சட்டப்புள்ளி:
தொழிலாளியின் கடமைகள் என்றும் ஒரு பிரிவு இருக்கிறது. அதைப் படிக்கும்போது மட்டும் உங்களுக்குக் கண் தெரியாது.

சேப்டிக்காரன்:
கையுறை போட்டுக்கொண்டு ரோலர் பக்கத்தில் ஏன் போனீர்கள் என்று நான் கேட்கலாமா? போன மாதம் நீங்கள் சொன்ன பாடம்தானே அது.

பட்டறைவாசி:
அந்த இடத்தில் கையுறை கட்டாயம் என்று சுற்றறிக்கை ஒட்டியிருந்தவர் உங்களைப் போன்ற ஓர் அலுவலர்தான் சார். அந்தப் பாடத்தை நான் விரலைக் கொடுத்துத்தான் கற்றேன். கார்டு இருந்திருந்தால் கையுறை இருந்தாலும் இல்லாவிட்டாலும் என் விரல் இருந்திருக்கும். ஆபத்தை முதலில் மூலத்திலேயே நீக்கு, முடியாவிட்டால் மறித்து நிறுத்து, உடம்பில் மாட்டுகிற சாமான் எல்லாவற்றுக்கும் கடைசி. இதை நீங்கள்தானே வகுப்பில் சொல்லித் தருகிறீர்கள்? நடைமுறையில் மட்டும் கடைசியிலிருந்து ஏன் ஆரம்பிக்கிறீர்கள்?

சேப்டிக்காரன்:
என் வகுப்பை நீங்கள் பார்த்ததே இல்லை. பார்க்காததைப் பற்றிப் பேச வேண்டாம்.

மூன்றாம்ஷிப்ட்:
அண்ணே, நாளைக்குக் காலை அந்தத் தாளைக் கொண்டு வருவார்கள். போடாவிட்டால் கேட்டுக்குள்ளே விட மாட்டார்கள். போடவா, வேண்டாமா?

சிறுமுதலாளி:
போட்டுவிடுங்கள் தம்பி, வேலை முக்கியம்.

சேப்டிக்காரன்:
படித்துப் பார்க்காமல் போடாதீர்கள். பயிற்சி நடந்த பிறகு, அதே தேதியைக் குறித்துப் போடுங்கள்.

பட்டறைவாசி:
'விபத்துக்கு நானே பொறுப்பு' என்ற வரியை அடித்துவிட்டுப் போடு தம்பி, தாளை போனில் படம் எடுத்து வைத்துக்கொள். அந்த வரி இருந்தாலும் அவர்கள் கடமை போய்விடாது, உன்னைப் பயமுறுத்தத்தான் அது. மேலே ஏறுவதற்கு முன்னால் இடுப்பில் கட்டும் பாதுகாப்பு பெல்ட்டின் கொக்கியை எதில் மாட்டுவது என்று கேள். மாட்ட இடம் காட்டாவிட்டால் ஏறாதே.

சிறுமுதலாளி:
இப்படித் தூண்டிவிட்டால் அந்தப் பையனுக்கு வேலை போகும். அப்போது நீங்கள் வந்து சம்பளம் கொடுப்பீர்களா?

சட்டப்புள்ளி:
1964-க்கு இன்னும் பதில் வரவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

பட்டறைவாசி:
சொல்லியாகிவிட்டது, மேலே போய்ப் படியுங்கள். அந்த வழக்கில் கையெழுத்து எங்கே?