தோட்டத்துத் துரை விட்டுச்சென்ற காரீயப் படை: வெண்பொடியை நிறுத்தி வண்ணத்தைக் காப்பது எப்படி?

கிராணி மகன் (சுங்கை சிப்புட்):

அனைவருக்கும் வணக்கம். மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டுக்கு வெளியே உள்ள ஒரு ரப்பர் தோட்டத்தில் என் தந்தையார் பெரிய கிராணியாக (தலைமை எழுத்தராக) இருந்தார். எழுபதுகளின் கடைசியில் அத்தோட்டத்தின் வெள்ளைக்காரத் துரை இங்கிலாந்து திரும்பியபோது, ஓய்வு நேரங்களில் தாமே வண்ணம் தீட்டி மேசைமேல் போர் விளையாட்டு ஆடுவதற்காகச் சேர்த்திருந்த சிறு போர்வீரர் உருவங்கள் முழுவதையும் தந்தையாரிடம் கொடுத்துவிட்டுச் சென்றார். ஏறத்தாழ இருநூறு உருவங்கள் உள்ளன. நிற்கும் வீரனின் உயரம் 25 மில்லிமீட்டர் அளவில் இருக்கும். சிவப்புக் கோட்டு அணிந்த சிப்பாய்கள், ஸ்காட்லாந்து வீரர்கள், குதிரைப் படையினர், பீரங்கிகள், அவற்றை இழுக்கும் மாடுகள் என எல்லாம் உண்டு. பெட்டி மூடியின் உட்புறத்தில் துரையின் கையெழுத்தில் 'அசாயே 1803' என்று எழுதப்பட்டிருக்கிறது.

உருவங்கள் அனைத்தும் சிறு அட்டைத் துண்டுகளில் வெள்ளைப் பசையால் ஒட்டப்பட்டு, ஒட்டுப்பலகைப் பெட்டியில் பஞ்சும் பழைய செய்தித்தாளும் வைத்து அடுக்கப்பட்டுள்ளன. தோட்டம் செம்பனைக்கு மாறும்வரை அப்பெட்டி ஸ்டோரில் இருந்தது. அதன்பின் எங்கள் வீட்டுப் பலகை அலமாரியில் இருக்கிறது. அண்மையில் திறந்து பார்த்தபோது பல வீரர்களின் கால்களிலும் துப்பாக்கி முனைகளிலும் வெள்ளைப் பொடி படிந்திருந்தது. சிலருக்குக் கணுக்கால் பாதியாக அரிக்கப்பட்டுவிட்டது. வண்ணம் சில இடங்களில் பொருக்காக உதிர்கிறது, சில இடங்களில் நேற்றுத் தீட்டியதைப் போல நன்றாகவே இருக்கிறது.

இது பூஞ்சையா, துருவா? புளி போட்டுத் துலக்கினால் போய்விடும் என்று அம்மா சொல்கிறார்கள், செய்யலாமா? பழைய வண்ணத்தை முழுவதும் எடுத்துவிட்டுப் புதிதாகத் தீட்டுவதா, உள்ளதைக் காப்பதா? அக்காவின் பிள்ளைகள் இதை வைத்து விளையாட விரும்புகிறார்கள். அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடன் இருப்பேன்.

ஈப்போ ஆய்வுக்கூடம்:

வணக்கம் தம்பி. முதலில் ஒன்றை அழுத்திச் சொல்கிறேன்: புளி, எலுமிச்சை, வினிகர் ஆகிய மூன்றையும் அந்த உருவங்களின் அருகில்கூடக் கொண்டு போகாதீர்கள். பித்தளைக் குத்துவிளக்குக்குப் புளி நல்லதுதான். ஆனால் உங்கள் வீரர்கள் காரீயத்தில் வார்க்கப்பட்டவர்கள். அவர்களை இன்று அரித்துக்கொண்டிருப்பதே அமிலம்தான்.

அந்த வெண்பொடி பூஞ்சை அன்று. அது காரீயக் கார்பனேட். அசெட்டிக் அமிலம், ஃபார்மிக் அமிலம் போன்றவற்றின் ஆவி மிகச் சிறிய அளவில் காற்றில் இருந்தாலும், ஈரத்தோடும் ஆக்சிஜனோடும் சேர்ந்து காரீயத்தின் மேற்பரப்பைக் கரைத்து உப்பாக்குகிறது. பிறகு காற்றிலுள்ள கரியமிலவாயு அந்த உப்பைக் கார்பனேட்டாக மாற்றும்போது அமிலம் மீண்டும் விடுபட்டு, அடுத்த அடுக்கைத் தாக்கப் போய்விடுகிறது. அமிலம் செலவாகித் தீர்வதில்லை என்பதால்தான், மூடிய பெட்டிக்குள் இது பல ஆண்டுகள் ஓயாமல் நடக்கிறது. பழங்காலத்தில் வெள்ளை வண்ணப்பொடி செய்தவர்கள் காரீயத் தகடுகளை வினிகர்ப் பானைகளின் மேல் வைத்துச் சாணக் குவியலால் மூடி, இதே மாற்றத்தை வேண்டுமென்றே நிகழ்த்தினார்கள்.

உங்கள் பெட்டிக்குள் அமிலம் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். ஒட்டுப்பலகை, அட்டை, பழைய செய்தித்தாள் ஆகிய மூன்றும் அமில ஆவியை மெல்ல வெளியிடுபவை. நீங்கள் சொல்லும் வெள்ளைப் பசை பாலிவினைல் அசெட்டேட்டாக இருந்தால் அதுவும் அசெட்டிக் அமிலத்தை விடும். கணுக்கால்கள் முதலில் கெட்டிருப்பதற்கு அதையே நான் முதற்காரணமாகச் சந்தேகிப்பேன். இவற்றோடு, ரப்பர் தோட்டத்து ஸ்டோர் என்கிறீர்கள். ரப்பர்ப் பாலை உறைய வைக்கும் ஃபார்மிக் அமிலம் பெரும்பாலும் அத்தகைய ஸ்டோரில்தான் இருக்கும். காரீயப் பொருளை வைப்பதற்கு அதைவிடப் பொருந்தாத இடம் தோட்டத்தில் வேறு இல்லை.

ஆகவே வண்ணத்தைப் பற்றி யோசிப்பதற்கு முன் பெட்டியை மாற்றுங்கள். உருவங்களைப் பஞ்சிலிருந்தும் செய்தித்தாளிலிருந்தும் இன்றே வெளியே எடுத்து, பொடி படிந்தவற்றைத் தனியாகவும் நல்ல நிலையில் உள்ளவற்றைத் தனியாகவும் வையுங்கள். அட்டையை நீரில் நனைத்து ஊறவைத்துக் கழற்றிவிடலாம். வெண்பொடியை ஒருபோதும் உலர்ந்த நிலையில் தேய்க்காதீர்கள். அது காரீய நஞ்சு. தூளாகப் பறந்து மூச்சில் போகக்கூடாது. கையுறையும் நல்ல முகக்கவசமும் அணிந்து, உருவத்தை நீரில் நனைத்து, பழைய பல் பிரஷ்ஷால் துலக்குங்கள். ஆழமான குழிகளில் மரக்குச்சியால் சுரண்டி, மங்கிய சாம்பல் நிற உலோகம் தெரியும்வரை எடுங்கள். கழுவியபின் ஈரம் தங்கவிடாமல் ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் ஒருமுறை முக்கி உடனே உலர்த்துங்கள். ஆனால் பழைய வண்ணத்தைக் காக்க நினைக்கும் உருவங்களில் அந்த ஆல்கஹால் வேண்டாம், மின்விசிறிக் காற்றே போதும். துடைத்த காகிதம், பிரஷ், அட்டைத் துண்டுகள் எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் பையில் கட்டி வையுங்கள். கழுவிய நீரைச் சமையலறைத் தொட்டியில் ஊற்ற வேண்டாம். வேலை செய்யும் மேசையில் உணவு வைக்கவே கூடாது.

பிள்ளைகளைப் பற்றிக் கேட்டீர்கள். பொருளை வாயில் வைக்கும் வயதுடைய குழந்தை வீட்டில் இருந்தால் இப்படையை எட்டாத இடத்தில் பூட்டி வைப்பதே சரி. வளர்ந்த பிள்ளைகள், முழுவதும் வார்னிஷ் பூசிய உருவங்களை எடுத்து ஆடிவிட்டுச் சோப்புப் போட்டுக் கை கழுவலாம். இதில் நான் சற்றும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

கிராணி மகன் (சுங்கை சிப்புட்):

மிக்க நன்றி ஐயா. அப்படியே பிரித்து வைத்துவிட்டேன். நான்கில் ஒரு பங்கு மோசமாக இருக்கிறது. மற்றவற்றில் பொடி அடித்தட்டின் கீழ் மட்டுமே இருக்கிறது. அட்டையைக் கழற்றியபோது சில அடித்தட்டுகளில் எழுத்தும் எண்ணும் பொறித்திருப்பதைக் கண்டேன். அவற்றுக்கு ஏதேனும் பொருள் உண்டா? வண்ணத்தைப் பற்றியும் யாராவது சொல்லுங்கள்.

தைப்பிங் தூரிகை:

வணக்கம் சகோதரரே. அடித்தட்டில் உள்ளவை வார்ப்பு நிறுவனத்தின் பட்டியல் எண்களாக இருக்கக்கூடும். எழுபதுகளில் பிரிட்டனில் பெரிதும் வாங்கப்பட்ட மினிஃபிக்ஸ், ஹின்ச்கிளிஃப் போன்ற நிறுவனங்களின் உருவங்கள் பலவற்றில் இத்தகைய குறிகள் உண்டு. எந்த உருவம் எந்தப் படைப்பிரிவு என்று கண்டுபிடிக்க அவை உதவும் என்பதால், சுரண்டும்போது அழித்துவிடாமல் முதலில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

வண்ணத்தை எடுத்தே தீர வேண்டிய உருவங்களுக்கு நான் டெட்டால் பயன்படுத்துகிறேன். நீர் கலக்காமல் ஒரு மூடியுள்ள கண்ணாடிப் புட்டியில் ஊற்றி, உருவத்தை ஓர் இரவு ஊறவைத்துப் பிரஷ்ஷால் தேய்த்தால் எழுபதுகளின் எனாமல் வண்ணமும் பெரும்பாலும் கழன்று வரும். முக்கியமான ஒன்று: தேய்த்ததும் நீரில் காட்டாதீர்கள். நீர் பட்டவுடன் கழன்ற வண்ணம் பிசினாகி உருவத்திலேயே ஒட்டிக்கொள்ளும். முதலில் புதிய டெட்டாலில் அலசி, அதன்பின் பாத்திரம் கழுவும் திரவத்தாலும் நீராலும் கழுவுங்கள். பழைய மஞ்சள், சிவப்பு வண்ணங்களிலேயே காரீயம் கலந்திருக்கலாம் என்பதால் ஐயா சொன்ன கையுறை இங்கும் வேண்டும்.

வளைந்த துப்பாக்கி முனைகளை விரலால் மெதுவாக, ஒரே முறையில் நிமிர்த்துங்கள். முன்னும் பின்னுமாக வளைத்தால் காரீயம் முறிந்துவிடும். முறிந்த ஈட்டிக்கும் கொடிக்கம்பத்துக்கும் குண்டூசி அல்லது மெல்லிய பித்தளைக் கம்பியே நல்லது. பாதி அரிக்கப்பட்ட கணுக்காலுக்கு வெறும் சூப்பர் குளூ போதாது. கைத்துளைப்பானால் 0.8 மில்லிமீட்டர் துளையிட்டுப் பித்தளைக் கம்பியைச் செருகி, இரண்டு பகுதி எப்பாக்சி பசையால் ஒட்டி, இடைவெளியை எப்பாக்சி மக்கால் நிரப்பிக் காலின் வடிவத்தைக் கொண்டுவாருங்கள்.

இனி, நம் ஊர்க் காற்றைப் பற்றி. வெளிநாட்டுக் காணொளிகளில் காட்டுவதை அப்படியே பின்பற்றி இங்கே ஸ்ப்ரே அடிக்க முடியாது. ஈரப்பதம் மிகுந்த வேளையில் அடித்தால் பிரைமர் (அடிப்பூச்சு) மங்கும். மேட் வார்னிஷ் என்றால் பால் படிந்ததுபோல வெளுத்துவிடும். பேராக்கில் விடியற்காலை ஈரமாகவும் பிற்பகல் இடிமழைக்குத் தயாராகவும் இருக்கும். வெயில் ஏறிய முற்பகல்தான் எனக்கு நம்பகமான நேரம். ஹார்ட்வேர் கடையில் கிடைக்கும் பைலாக்ஸ் ஸ்ப்ரேயின் சாம்பல் பிரைமரே போதுமானது. உருவத்தையும் புட்டியையும் ஒரே அறையில் வைத்திருந்து, புட்டியை நன்றாகக் குலுக்கி, தூரத்திலிருந்து மெல்லிய படலங்களாக அடியுங்கள். அடித்தட்டின் கீழ்ப்புறத்தையும் விடாதீர்கள். அமிலம் ஏறுவது அங்கிருந்துதான். மழை தொடர்ந்தால் பிரைமரையும் வார்னிஷையும் தூரிகையாலேயே பூசிவிடுவது நல்லது. மெதுவான வேலைதான், ஆனால் வெளுக்காது.

சிவப்புக் கோட்டில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். சிவப்பு வண்ணம் ஒளி ஊடுருவும் தன்மை கொண்டது. கருப்பு அடிப்பூச்சின் மேல் அது செத்துப்போகும். சாம்பல் அடிப்பூச்சு, அதன்மேல் செம்பழுப்பு, அது உலர்ந்தபின் மடிப்புகளின் மேட்டில் மட்டும் சிவப்பு என்று ஏற்றினால் 25 மில்லிமீட்டர் உருவம் மேசைக்கு அப்பாலிருந்தும் துலங்கும். குறுக்குப் பட்டைகளுக்கு நேரடி வெள்ளையைத் தொடாமல், வெளிர்சாம்பல் இட்டு அதன்மேல் வெள்ளைக் கோடு இழுங்கள்.

பகாவ் ஆசிரியை:

தம்பிக்கு வணக்கம். மேலே இருவரும் சொன்னதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் டெட்டாலில் முக்குவதற்கு முன், எதை முக்குகிறோம் என்று ஒவ்வோர் உருவமாகப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். இந்தத் தோட்டத்தில், மின்விளக்கின் கீழ் ஒருவர் மாலைநேரங்களில் அமர்ந்து தீட்டிய வண்ணம் அது. வார்ப்பு உருவத்தை இன்றும் எங்கிருந்தாவது வாங்கலாம். அந்தக் கையை வாங்க முடியாது. உலோகம் கெட்ட உருவத்துக்கு வண்ணத்தை எடுப்பதைத் தவிர வழியில்லை, ஒப்புக்கொள்கிறேன். உலோகம் நன்றாக இருந்து வண்ணம் மட்டும் ஓரிரு இடங்களில் உதிர்ந்திருந்தால், சோப்பு நீரில் மென்மையாகக் கழுவி, முதலில் ஒரு வார்னிஷ் படலம் இட்டு, அதன்மேல் உதிர்ந்த இடத்தில் மட்டும் அக்ரிலிக் வண்ணத்தால் ஒட்டுப்போடுங்கள். இடையில் அந்தப் படலம் இருப்பதால், நாளை வேறொருவர் உங்கள் வேலையை எடுக்க விரும்பினாலும் துரையின் வண்ணம் பெரும்பாலும் சேதமடையாது.

இனி அசாயே. 1803 செப்டம்பர் 23 அன்று, இன்றைய மகாராஷ்டிரத்தில் உள்ள அவ்வூரில், ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கும்பினியின் படையை நடத்திய, பின்னாளில் வெலிங்டன் பிரபுவான ஆர்தர் வெல்லெஸ்லி, தௌலத்ராவ் சிந்தியாவும் போன்ஸ்லேயும் சேர்ந்த மராட்டியப் படையை, அது தன் படையைவிடப் பன்மடங்கு பெரிதாக இருந்தபோதும் தாக்கினார். ஸ்காட்லாந்து வீரர்கள் 74, 78 ஆகிய படைப்பிரிவுகளைச் சேர்ந்தவர்கள். கழுத்துப்பட்டையும் கைமடிப்பும் வெள்ளையாக இருந்தால் 74, மங்கிய மஞ்சள்பழுப்பாக இருந்தால் 78 என்று கொள்ளலாம். மராட்டியத் தரப்பிலும் ஐரோப்பிய முறையில் பயிற்சி பெற்ற காலாட்படை உண்டு. அதற்குத் தலைமை தாங்கியவர் ஜெர்மனியின் ஹனோவரைச் சேர்ந்த பொல்மன். ஆகவே பெட்டியில் சீருடை அணிந்த இந்தியர்கள் எல்லாரையும் கும்பினியின் பக்கம் நிறுத்திவிடாதீர்கள்.

வெல்லெஸ்லியின் காலாட்படையில் பெரும்பகுதி மதராஸ் படையின் சிப்பாய்கள். தமிழ்ப் பகுதிகளிலிருந்தும் தெலுங்குப் பகுதிகளிலிருந்தும் சேர்க்கப்பட்டவர்கள் அவர்கள். நூற்றுக்கணக்கானோர் அன்று விழுந்தார்கள். ஆங்கிலேயர் எழுதிய போர்க்கதைகளில் ஹைலாண்டர்களின் (ஸ்காட்லாந்து வீரர்களின்) வீரம் பேசப்படும் அளவுக்கு இவர்கள் பேசப்படுவதில்லை. அக்காலப் பொழுதுபோக்குத் தீட்டல்களில் நான் கண்டவரை, சிப்பாய்கள் எல்லாருக்கும் புட்டியிலிருந்து எடுத்த ஒரே பழுப்பைப் பூசிவிடுவார்கள். ஐரோப்பிய முகங்களுக்கோ கன்னச் சிவப்பு, மோவாய் நிழல் எல்லாம் இருக்கும். தங்களுடைய பெட்டியிலும் அப்படி இருந்தால், சிப்பாய்களின் முகங்களை மட்டும் மறுபடி தீட்டுவதை நான் முழுமனதோடு ஆதரிப்பேன். காவி, பழுப்பு, சற்றே ஊதா கலந்த கரும்பழுப்பு என்று மூன்று நான்கு அடிநிறங்கள் கலந்து, வரிசையில் அடுத்தடுத்து நிற்பவர்களுக்கு வேறுவேறாக இட்டு, மூக்குத்தண்டிலும் கன்ன எலும்பிலும் சற்று மஞ்சள் கலந்த ஒளி வையுங்கள். வெள்ளை கலந்து வெளுக்கச் செய்தால் சாம்பல் பூத்துவிடும். நம் வீட்டுப் பிள்ளைகள் அந்த வரிசையைப் பார்க்கும்போது ஒவ்வொரு முகமும் ஓர் ஆளாகத் தெரிய வேண்டும்.

ஈப்போ ஆய்வுக்கூடம்:

ஆசிரியை அவர்கள் சொன்னதை ஏற்கிறேன், ஓர் எச்சரிக்கையோடு. வண்ணத்தின் அடியில் வெண்பொடி இருக்கும்போது மேலே வார்னிஷ் பூசி மூடினால் அரிப்பு நிற்பதற்கு உத்தரவாதம் இல்லை. சில மாதங்களில் வண்ணம் கொப்பளித்து எழும்பலாம். எனவே நல்ல வண்ணம் என்று தோன்றும் உருவத்தையும் உருப்பெருக்கிக் கண்ணாடியில் பாருங்கள். கொப்புளமோ வெடிப்போ இருக்கும் இடத்தை ஊசியால் திறந்து, உள்ளே வெள்ளையாக இருந்தால் அந்த இடத்தை மட்டும் உலோகம்வரை சுத்தம் செய்து பிறகு ஒட்டுப்போடுங்கள். முழு உருவத்தையும் உரிக்கத் தேவையில்லை.

புதிய அடித்தட்டுகளுக்கு இப்போது கடைகளில் கிடைக்கும் எம்.டி.எஃப். பலகை (மரத்தூளைப் பசையோடு அழுத்திச் செய்தது) வேண்டாம், அதுவும் அமிலம் விடும். அக்ரிலிக் தகடு அல்லது மெல்லிய இரும்புத்தகடு போதும், ஒட்டுவதற்கு எப்பாக்சி. இரும்புத்தகடாக இருந்தால் பெட்டியின் அடியில் காந்தத்தாள் விரித்து, உருவங்கள் ஒன்றோடொன்று உரசாமல் நிறுத்தலாம்.

கிராணி மகன் (சுங்கை சிப்புட்):

அக்கா, ஐயா, சகோதரர் மூவருக்கும் நன்றி. சிப்பாய்களின் முகங்களைப் பார்த்தேன். அக்கா சொன்னது போலவே எல்லாருக்கும் ஒரே பழுப்புதான். கோட்டுகளையும் குதிரைகளையும் உள்ளபடியே காத்து, முகங்களை மட்டும் மறுபடி தீட்டுவது என்று முடிவு செய்துவிட்டேன். கால் அரிக்கப்பட்டவர்களை டெட்டாலில் இட்டு முழுமையாகப் புதுப்பிப்பேன். ஒரே ஒரு கேள்வி: எல்லாம் முடிந்தபின் எதில் வைப்பது? கண்ணாடிக் கதவுள்ள மர அலமாரி வாங்கலாம் என்று எண்ணியிருந்தேன்.

ஈப்போ ஆய்வுக்கூடம்:

மர அலமாரி வேண்டாம் தம்பி, விலை உயர்ந்த தேக்காக இருந்தாலும் வேண்டாம். கண்ணாடியும் உலோகமும் மட்டுமே உள்ள காட்சிப்பேழை கிடைத்தால் அதை வாங்குங்கள். இல்லையென்றால் மூடி இறுகும் பாலிபுரொப்பிலீன் பெட்டிகளில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள். பொட்டலம் ஈரத்தை உறிஞ்சி முடித்ததும் ஓவனில் மிதமான சூட்டில் உலர்த்தி மறுபடி போடலாம். மாதம் ஒருமுறை திறந்து கணுக்கால்களையும் அடித்தட்டின் கீழ்ப்புறத்தையும் பாருங்கள். எங்காவது வெள்ளை தென்பட்டால் அந்த ஒருவரை மட்டும் உடனே பிரித்துத் தனியாக வையுங்கள்.